ஆர்டிஎஃப் தரவை உலாவியில் படிக்கிற பக்கமாகக் காட்ட எந்தக் கருவி நல்லது?

ஆர்டிஎஃப் என்பது எழுவாய், பண்பு, மதிப்பு என்று மும்மூன்றாகத் தகவலை எழுதிவைக்கிற முறை. ஃபியூசெகி என்கிற ஆர்டிஎஃப் தரவுத்தளத்தில் தரவை ஏற்றியாயிற்று, 3030 போர்ட்டில் ஸ்பார்க்கிள் என்கிற வினவல் மொழியில் கேட்டால் பதிலும் வருகிறது, ஆனால் உங்கள் யுஆர்ஐ ஒன்றை, அதாவது ஒரு பொருளுக்குப் பெயராக வைத்த இணைய முகவரியை, உலாவியில் தட்டினால் 404, பக்கம் இல்லை. நிலைமை இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு முன்னால் பதில் எழுதியவர் ஸ்பார்க்கிள் முகவரியைக் கொடுத்தால் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள், பக்கமெல்லாம் எதற்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, தரவை வலையில் இணைத்து வெளியிடுவதற்கு 2006இல் எழுதிவைத்த நான்கு விதிகளில் மூன்றாவதே, யுஆர்ஐயைத் தேடி ஒருவர் வந்தால் உருப்படியாக ஏதாவது கொடு என்பதுதான். வந்தவருக்கு ஸ்பார்க்கிள் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.

கேட்டதற்கு முதலில் பதில். பப்பி என்று ஒரு கருவி இருக்கிறது, பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, ஜாவா, டாம்கேட் என்கிற ஜாவா சர்வரில் போட்டு ஒரு கட்டமைப்புக் கோப்பை நிரப்பினால் ஓடும். லோட்வியூ இருக்கிறது, அதுவும் ஜாவாதான், பார்க்கக் கொஞ்சம் லட்சணமாக இருக்கும். ஃபியூசெகிக்குப் பதிலாக விர்ச்சுவோசோ என்கிற தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி அதனுடனேயே வருகிறது. எல்லாம் செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். விக்கிப்பீடியாவின் தகவலை ஆர்டிஎஃப் ஆக்கித் தருகிற டிபிபீடியாவில் சென்னையின் யுஆர்ஐயைத் தட்டிப் பாருங்கள், 'ரிசோர்ஸ்' என்று போட்ட இடம் கண் முன்னாலேயே 'பேஜ்' என்று மாறிவிடும். இதையே ஒரு நிரல் வந்து டர்ட்டில் (ஆர்டிஎஃப்பை எழுதுகிற ஒரு கோப்பு வடிவம்) வேண்டும் என்று கேட்டால் 'டேட்டா' பக்கம் திருப்பிவிடுவார்கள். நகரம் வேறு, நகரத்தைப் பற்றிய ஆவணம் வேறு, அதனால் 303, அதாவது 'வேறு முகவரியில் பார்' என்கிற பதில் எண்ணைப் போட்டு அனுப்பு என்று 2005இல் வலைத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சியின் கட்டமைப்புக் குழு சொன்ன தீர்ப்பு அது. பிடிக்காதவர்கள் இன்னும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

பப்பியில் ஓர் இடம் மட்டும் கவனம். தரவுக்குள் இருக்கிற யுஆர்ஐயின் தொடக்கத்தையும் தளத்தின் முகவரியையும் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லும். தரவில் எச்டிடிபி, தளத்தில் எச்டிடிபிஎஸ் என்றால் இரண்டையும் உள்ளபடியே எழுதுங்கள். ஒன்றையே இரண்டு இடத்திலும் ஒட்டினால் பக்கம் வராது, தரவு தொலைந்துவிட்டது என்று பயந்துபோய் ட்ரிபிள் ஸ்டோரை, அதாவது ஃபியூசெகி மாதிரியான தரவுத்தளத்தை, போட்டுக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

சரி, இனி என் கதை. ஓர் ஓலைச்சுவடிப் பட்டியலை ஆர்டிஎஃப் ஆக்கி வெளியிடுகிற வேலை. எந்த இடம் என்று சொல்லமாட்டேன். குழு கூடி சிடாக் சிஆர்எம் என்கிற தரவு மாதிரியைத் தேர்ந்தெடுத்தது. அருங்காட்சியகக்காரர்களின் தரவு மாதிரி, ஐஎஸ்ஓ 21127 என்கிற தரம், குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் எல்லாமே நிகழ்வு வழியாகத்தான் போகும். சுவடிக்கு நேராக 'படியெடுத்தவர்' என்று ஒரு பண்பு கிடையாது. சுவடி, அதிலிருந்து 'பி108ஐ' என்கிற பண்பு வழியாக ஆக்கம் என்கிற நிகழ்வு, அதிலிருந்து 'பி14' என்கிற பண்பு வழியாக ஆள். பப்பியை நிறுவி, அங்கே பல வருடமாகச் சுவடிகளைப் பார்த்துவந்த நூலகர் அம்மாவிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "இந்த ஏட்டைப் படியெடுத்தது யாருன்னு எங்கே தம்பி போட்டிருக்கு?"

பக்கத்தில் இருந்தது 'பி108ஐ வாஸ் புரொட்யூஸ்டு பை' என்று ஒரு வரி, எதிரே ஒரு நீளமான எண். அதைச் சொடுக்கினால் இன்னொரு பக்கம், அதிலும் ஓர் எண். அதையும் சொடுக்கினால்தான் பெயர். தரவில் ஒரு பிழை கிடையாது, எல்லாம் உள்ளே இருக்கிறது, ஆனால் சாம்பார்ப் பொடி, பருப்பு, புளி எல்லாவற்றையும் தனித்தனியாக இலையில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்கிற மாதிரி இருந்தது. அந்த அம்மா திட்டவில்லை, தன் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுதான் சுருக்கென்றது.

அதற்கப்புறம் கருவியை விட்டுவிட்டு லேபிளை, அதாவது யுஆர்ஐக்குப் பதிலாகப் பக்கத்தில் காட்டுகிற பெயரை, பிடித்தோம். ஆக்கம், உரிமைமாற்றம் என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் படிக்கிற மாதிரி ஒரு பெயர், ஒவ்வொரு பண்புக்கும் தமிழில் ஒரு லேபிள், 'டிஏ' மொழிக்குறியோடு. பப்பியில் இயல்பு மொழி ஆங்கிலம் என்று இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். சுவடிக்கென்று மட்டும் பைத்தானில் சின்னதாக ஒரு வார்ப்புரு எழுதினேன். ஒரு யுஆர்ஐயைப் பற்றிச் சொல் என்று மட்டும் கேட்கிற டிஸ்கிரைப் வினவல் போடாமல், எது எது வேண்டும் என்று நாமே வகுக்கிற கன்ஸ்ட்ரக்ட் வினவலில் இரண்டு இணைப்பு தள்ளி இருக்கிற பெயரையும் சேர்த்தே இழுத்து, 'படியெடுத்தவர்' என்று ஒரே வரியில் காட்டும். மற்ற வகைகளுக்குப் பொதுவான அட்டவணையே போதும் என்று விட்டுவிட்டோம். விக்கித்தரவு ஓடுகிற மென்பொருளான விக்கிபேஸ் போட்டிருக்கலாமே என்று கீழே யாராவது கேட்பீர்கள். போட்டிருக்கலாம்தான், ஆனால் அது தரவைத் தன் மாதிரிக்கு மாற்றச் சொல்லும். ஏற்கெனவே சிஆர்எம்மில் இருப்பதைப் பிரித்து மறுபடி கோர்க்க யாருக்கும் தெம்பு இல்லை.

இன்னொன்று, ஒரே முகவரியில் ஹெச்டிஎம்எல்லும் டர்ட்டிலும் கொடுக்கிறீர்கள் என்றால் பதிலின் தலைப்பில் 'வேரி: ஆக்செப்ட்', அதாவது கேட்கிற வடிவத்தைப் பொறுத்துப் பதில் மாறும் என்கிற குறிப்பு, போயே ஆக வேண்டும். எங்கள் நிரல் அதை அனுப்பியது, முன்னால் இருந்த, பழைய பதிலைச் சேமித்துவைத்துத் திரும்பக் கொடுக்கிற கேஷ் சர்வரில் யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள். விளைவு, ஒரு நிரல் வந்து டர்ட்டில் வாங்கிப் போனபின் அடுத்து வந்த மனிதருக்கும் அதே டர்ட்டில் கோப்பு பதிவிறங்கியது. அந்த மனிதர் இயக்குநர். சர்வர் பிரிவில் கேட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்ற ஒரே பதில்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தமிழ் லேபிள் போடுகிறவர்களே, ஔவையாரை ஒ, அப்புறம் ள என்று தட்டாதீர்கள், தயவுசெய்து! கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், கணினிக்கு வேறு. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி வந்த 'கொ'வை யூனிகோட் சீராக்கம், அதாவது என்எஃப்சி, ஒன்றாக்கிவிடும். இந்த ள கேஸை அது தொடவே தொடாது. ஆர்டிஎஃப்பில் சரியான ஔவும் இதுவும் இரண்டு வெவ்வேறு லிட்டரல்கள், அதாவது எழுத்து மதிப்புகள், ஆகவே பக்கத்தில் ஒரே பெயர் இரண்டு தடவை நிற்கும், பார்க்கிறவர் நிரல் தப்பு என்று நம்மைத்தான் சொல்வார். யுஆர்ஐயிலும் தமிழ் எழுத்து வேண்டாம் என்பது என் கட்சி. 'தமிழ்' என்ற சொல்லே சதவீதக் குறியீட்டில் 45 எழுத்தாக நீளும், அதை மின்னஞ்சலில் ஒட்டினால் பாதியில் உடையும். தமிழ் விரோதி என்று கிளம்ப வேண்டாம், லேபிள் முழுக்கத் தமிழில் இருக்கட்டும் என்று சொல்கிற ஆளும் நான்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கருவியை இன்றைக்கே நிறுவ வேண்டாம். லேபிள் இல்லாத யுஆர்ஐகள் எத்தனை என்று ஃபியூசெகியில் ஒரு வினவல் ஓட்டிப் பாருங்கள், மதிப்பாக வருகிற யுஆர்ஐகளோடு பண்புகளையும் சேர்த்து. அந்த எண்ணையும் எந்தத் தரவு மாதிரியில் தரவு இருக்கிறது என்பதையும் கீழே போடுங்கள், பப்பி போதுமா, வார்ப்புரு எழுத வேண்டுமா என்று அப்புறம் சொல்கிறேன்.