மாட்டுக்கு ஊசி போட்ட கை குதிரைக்கு அப்படியே சரிவருமா?

கேள்வி: சார், பத்து வருஷமா மாட்டுக்கு சினை ஊசி போடுறேன். சொந்தமா நாலு பெட்டைக் குதிரை இருக்கு. அதுல 14 வயசுக் குதிரை ஒண்ணு இந்த சீசன்ல மூணு தடவை சேர்த்தும் சினை நிக்கல. உறைவிந்து வாங்கி நானே போட்டுடலாமான்னு பாக்குறேன். ஒருத்தர் மூணு நாள் பயிற்சி, கருமாற்றமும் (ஒரு குதிரையோட கருவை எடுத்து இன்னொண்ணு வயித்துல வைக்கிறது) சேர்த்து சொல்லித்தர்றேன்னு கூப்பிடுறார், உறைவிந்து வைக்கிற நைட்ரஜன் கேனும் ஹார்மோன் ஊசி செட்டும் அவரே தர்றாராம். சேரட்டுமா? வயசு ஓடிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: தம்பி, கத்துக்கணும்ங்கிற ஆசை நல்லது, ஆனா அந்த மூணு நாளுக்குப் போகாதீங்க. கேனை விக்கிறவரே வாத்தியாரா இருந்தா பாடம் கேனைச் சுத்திதான் போகும்.

உங்க மாட்டு அனுபவத்துலதான் எனக்கு பயம். மாட்டுல ஆசனவாய் வழியா கைய விட்டு கர்ப்பப்பை வாயைப் பிடிச்சு பழகிட்டீங்க. குதிரைக்கு அந்த வழி வேணாம், சுத்தமான கையுறையோட யோனிக்குள்ள கை போகும், பருவத்துல வாய் தளர்ந்திருக்கும், விரலே வழி காட்டும். குதிரை மலக்குடல் சீக்கிரம் கிழியும். மாட்டுல கை தேர்ந்த ஒருத்தர் குதிரை முக்குறப்போ கைய இழுக்காம எதிர்த்து அழுத்தினார், வெளிய வந்த கையுறையில கோடு மாதிரி ரத்தம், அந்தக் குதிரை பிழைக்கல. மலக்குடல் வழி ஸ்கேன் டாக்டர் கைக்கு, அதுல குறுக்கு வழி கிடையாது.

இப்ப நீங்க கேக்காத கேள்விக்கு வர்றேன். பொலிக்குதிரையோட நேரா சேர்த்தே மூணு தடவை நிக்காத குதிரைக்கு உறைவிந்து எப்படி நிக்கும்? புது விந்து உள்ள ரெண்டு நாள் தாங்கும், உறைவிந்து 12 மணி நேரம் போலதான், அதனால முட்டை விடுற நேரத்தை ஒட்டி ராத்திரியும் சேர்த்து ஆறு மணிக்கொரு தடவை ஸ்கேன் பாக்கணும். வயசான குதிரைக்கு சேர்த்த பிறகு கர்ப்பப்பையில தண்ணி தேங்கும், உறைவிந்து அந்த அழற்சியைக் கூட்டவும் செய்யும். அதனால முதல்ல பின்னாடி நின்னு பாருங்க, அறைவாய், அதாவது யோனியோட வெளிவாய், மேல்பக்கம் உள்வாங்கி சாய்ஞ்சு சாணி அதுமேலயே விழுதா? நடக்குறப்போ காத்து உள்ள போற சத்தம் கேக்குதா? கேட்டா டாக்டர் அந்த வாய் மேல்பக்கத்துக்கு தையல் போடணும். கர்ப்பப்பை சுவாப், அதாவது பஞ்சுக்குச்சியால மாதிரி, எடுத்து கிருமி பாக்கணும். சேர்த்து ஆறு மணி நேரம் கழிச்சு தண்ணி நிக்குதான்னு பாத்து கழுவி, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் ஊசி குடுத்தாலே பல குதிரைக்கு நின்னுடும்.

ஹார்மோன் செட்டைப் பத்தி கோவமாவே சொல்றேன். முட்டை விட வைக்கிற ஊசி, ஃபாலிக்கிள் (முட்டை வளர்ற பை) 35 மில்லிமீட்டர் தாண்டி கர்ப்பப்பையில வீக்கமும் தெரியுறப்போதான் வேலை செய்யும், அப்போ போட்டா 36 மணி நேரத்தை ஒட்டி முட்டை விடும். பருவத்துக்குக் கொண்டுவர்ற ஊசியும் முட்டை விட்டு அஞ்சு நாள் ஆகாம ஒழுங்கா பிடிக்காது. ஸ்கேன் பாக்காம "இன்னிக்கு இது, நாளைக்கு அது"ன்னு சீட்டு எழுதிக் குடுக்கிறவர் உங்க சீசனைத்தான் திங்கிறார்.

என்னைக் கேட்டா எல்லா கருவிக்கும் முன்னாடி ஒரு நோட்டு. தினமும் காலைல ஒரே நேரத்துல பொலிக்குதிரையை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்க. பெட்டை காது மடிச்சு கத்தி உதைக்கிறாளா, இல்ல வாலை ஒதுக்கி பின்னங்காலை அகட்டி கொஞ்சம் கொஞ்சமா மூத்திரம் விட்டு அறைவாயைச் சிமிட்டி பருவம் காட்டுறாளா, எத்தனை நாள், எப்ப நிறுத்தினா, எல்லாம் எழுதுங்க. 21, 22 நாள் சுத்து, அதுல அஞ்சுலேர்ந்து ஏழு நாள் பருவம், முட்டை விடுறது பருவம் முடிய ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி. ரெண்டு சுத்து எழுதினாலே அவ கணக்கு உங்க கைக்கு வந்துடும். நான் பாத்த வரைக்கும் நோட்டு இருக்கிற பண்ணையிலதான் ஸ்கேனும் உருப்படியா பயன்படுது.

கருமாற்றம் அப்புறம். முட்டை விட்ட ஏழாம் எட்டாம் நாள் கழுவி கருவை எடுக்கணும், கருவை ஏத்துக்கிற குதிரையும் கிட்டத்தட்ட அதே நாள்ல முட்டை விட்டிருக்கணும், நாள் தெரியாம கழுவினா வெறும் தண்ணிதான் வரும். பந்தயத் தரோபிரெட் குதிரையா இருந்தா இந்த ஆசையையே விடுங்க, சினை ஊசியில பிறந்த குட்டியைப் பதிவு பண்ண மாட்டாங்க.

நிஜமா கத்துக்கணும்னா பொலிக்குதிரை வச்சிருக்கிற பண்ணையில ஒரு சீசன் முழுக்க டாக்டர் கூட நில்லுங்க. விந்து எடுக்கறது, வெயிலும் தண்ணியும் சோப்பும் படாம காப்பாத்தறது, வால் கட்டி கழுவறது, இதையெல்லாம் கைக்குக் கொண்டுவாங்க. அந்த 14 வயசுக்காரி இந்த தடவை பருவத்துக்கு வந்தா சேர்க்காம விட்டு சுவாப் எடுங்க, நோட்டை இன்னிக்கே ஆரம்பிங்க. அடுத்த சுத்துல சேர்த்தா 14ஆம் நாள் ஸ்கேன் கட்டாயம், ரெட்டைக் கரு இருந்தா 16ஆம் நாளுக்குள்ள ஒண்ணை டாக்டர் கலைச்சாகணும்.