பூட்டிய கோட்டையும் போன ஒரு மார்க்கும்

சென்ற இதழில் ஒரு பதிலில், "தரங்கம்பாடிக்குப் போய் கோட்டையை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேரில் நானும் ஒருத்தி" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். இந்த வாரத் தபாலில் பாதி அதைப் பற்றித்தான். ஆகவே மாமியார் கேள்விகளும் முடி உதிரும் கேள்விகளும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: அந்த இன்னொருத்தி யார்? என்னதான் நடந்தது? முழுக் கதையையும் சொல்லாமல் உங்களை விடுவதாக இல்லை. (வாசகி, விருத்தாசலம்)

பள்ளிக்கூடத்திலிருந்து கூட வரும் தோழி. பெயரைப் போட்டால் வீட்டுக்கு வந்து சண்டை போடுவாள். போடாவிட்டாலும் வருவாள், அது வேறு.

அவளுக்கும் தரங்கம்பாடிக்கும் ஒரு பழைய பகை உண்டு. இளம் வயதில் ஒரு போட்டித் தேர்வு எழுதினாள். அதில் ஒரு கேள்வி: இந்தியாவில் முதன்முதலில் தமிழ் நூல் அச்சான இடம் எது? அ) தரங்கம்பாடி ஆ) கொல்லம் இ) சென்னை ஈ) கோவா. இவள் யோசிக்காமல் 'அ' என்று குறித்துவிட்டு வந்தாள். விடை 'ஆ'. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'தான் முதல் நூல். தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வந்ததே அதற்கு நூற்று முப்பது வருஷம் கழித்துத்தான். ஒரே ஒரு மார்க்கில் வேலை போயிற்று. அப்புறம் வேறு தேர்வு எழுதி, வேறு வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டாள். ஆனால் அந்த மார்க் மட்டும் நெஞ்சிலேயே நிற்கிறது. "என் மார்க்கைத் தின்ன ஊரை ஒரு தடவை நேரில் பார்க்கணும்டி" என்று ஒருநாள் போன் செய்தாள். ஒருநாள் பயணத்துக்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை.

அந்தத் தேர்வுக்குப் படித்ததில் அவளுக்கு இன்னொரு வியாதியும் ஒட்டிக்கொண்டது. எதைச் சொன்னாலும் நான்கு விடைகளோடுதான் சொல்வாள். "காபியா, டீயா?" என்று கேட்டால், "மேற்கண்ட எதுவுமில்லை" என்பாள்.

மயிலாடுதுறையில் காலை ஏழரை மணிக்குச் சந்தித்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் ரயில்வே ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தரங்கம்பாடிக்கு ரயில் உண்டு, 1926-இல் போட்ட பாதை என்று ஒரே பிடிவாதம். பாதை போட்டது உண்மைதான். 1980களில் அதை மூடியதும் உண்மை. அவளுடைய பொது அறிவுப் புத்தகம் மூடுவதற்கு முன்னால் அச்சடித்தது. கவுன்டரில் இருந்த பையன் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அம்மா, அந்த ரயில் நான் பொறக்கறதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு" என்றான். "அப்ப டிக்கெட் விலை ஏறியிருக்காது" என்றாள் இவள். பையன் இப்போது நிமிர்ந்து பார்த்தான்.

சரி, பஸ் ஏறினோம். அங்கேதான் விதி விளையாடியது. பஸ் முழுக்கப் பட்டுப்புடவை, பழத்தட்டு, மாலைக்கூடை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில்தான் திருக்கடையூர் இருக்கிறது. மார்க்கண்டேயனுக்காக சிவன் எமனையே உதைத்த தலம் என்பதால், அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் அங்கே வருஷம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். பக்கத்து சீட் அம்மாள் என் தோழியின் கையைப் பிடித்து, "நீங்க மாப்பிள்ளை சைடா, பொண்ணு சைடா?" என்று கேட்டார். அறுபது வயது மாப்பிள்ளைக்கு என்ன சைடு? இவள் மரியாதைக்கு, "ரெண்டு பக்கமும் வேண்டியவங்கதான்" என்று சொல்லித் தொலைத்தாள். போதாதா? கண்டக்டர், "திருக்கடையூர் கல்யாணமெல்லாம் இறங்குங்க!" என்று விசில் அடித்ததும், கூட்டத்தோடு எங்களையும் இறக்கிவிட்டார்கள்.

மறுக்கலாமே என்பீர்கள். கேசரி வாசனை வந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளையிடம், "பெரியவங்க கால்ல விழுங்க" என்று யாரோ எங்களைக் கை காட்டினார்கள். எங்களுக்கு அறுபத்திரண்டு, அவருக்குச் சரியாக அறுபது. முன்பின் தெரியாத தம்பதி எங்கள் காலில் விழுந்து எழுந்தார்கள். தோழி கொஞ்சமும் தயங்காமல் அட்சதை போட்டு, "பதினாறும் பெற்று" என்று ஆரம்பித்து, பாதியில் மணமகளின் வயதைக் கவனித்து நிறுத்திக்கொண்டாள். ஆளுக்கு 101 ரூபாய் மொய் வைத்தோம். பெயர் கேட்டபோது, "ரெண்டு பக்கமும் வேண்டியவங்கன்னு எழுதுங்க" என்றாள். அந்த மொய் நோட்டைப் பார்த்து அந்தக் குடும்பம் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கும்.

தரங்கம்பாடியில் கால் வைத்தபோது மணி பதினொன்று. ஊருக்குள் நுழைய வெள்ளை நிறத்தில் ஒரு கோட்டைவாசல். அப்போது இந்த ஊரை வைத்திருந்த டேனிஷ்காரர்கள் (டென்மார்க்குக்காரர்கள்) 1792-இல் கட்டியது, மேலே அவர்கள் அரசமுத்திரை. அதைத் தாண்டினால் நேராக ராஜா தெரு. தெருக்கோடியில் கடல். அவ்வளவு சின்ன ஊர். தோழி வாசலுக்கு அடியில் நின்று, "இந்த ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன ஆண்டு? அ) 1801 ஆ) 1845..." என்று தொடங்கினாள். ஆடு ஒன்று குறுக்கே புகுந்து காப்பாற்றியது. (விடை 1845. எல்லா வருஷத்தையும் சரியாகச் சொல்கிறாள் என்பதுதான் அவளிடம் இருக்கிற கோபமே.)

டேன்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி பிஸ்கட் நிறத்தில் நிற்கிறது. 1620-இல் ஆரம்பித்த கட்டடம். இவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை நான் ஆப்ஷனாத்தான்டி பாத்திருக்கேன். இவ்வளவு பெரிசுன்னு எந்தக் கேள்வியிலும் சொல்லலையே" என்றாள். வாசலுக்குப் போனோம். பூட்டு. பக்கத்தில் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "வெள்ளிக்கிழமை லீவும்மா" என்றார்.

1620, 1706, 1792, 1845 எல்லாம் விரல் நுனியில். இன்றைக்கு என்ன கிழமை என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்றால் முதலில் போவது கிழமைதான் போல.

மதிலை ஒட்டி ஒரு சுற்று வந்தோம். சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706-இல் இங்கே வந்து இறங்கினார். டேனிஷ் தளபதிக்கு அவரைப் பிடிக்கவில்லை. இதே கோட்டையில் நான்கு மாதம் சிறையில் போட்டுவிட்டார். அதைச் சொன்னேன். தோழி பூட்டைப் பார்த்தபடி, "அவரை வெளியே விடலை, நம்மளை உள்ளே விடலை. கோட்டைக்கு ஏதோ கோளாறுடி" என்றாள்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே கரையில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது; மிச்சத்தைப் பிற்பாடு புதுப்பித்திருக்கிறார்கள். அலை வந்து கற்களில் மோதுகிற சத்தம் சன்னதி வரை கேட்கிறது. அங்கே மட்டும் தோழி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லையோ என்று நான் பயந்துவிட்டேன்.

கடைசியாகப் புது எருசலேம் தேவாலயம். 1718-இல் கட்டியது. சீகன்பால்குவின் கல்லறை உள்ளேயே இருக்கிறது. இவர்தான் எதிரி. இவர் போட்ட அச்சுக்கூடத்தை நம்பித்தானே மார்க் போனது! அவர் கதையை எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். வந்த புதிதில் சின்னப் பிள்ளைகளோடு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதித் தமிழ் கற்றார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்ததால் தாள் ஏகத்துக்குச் செலவாயிற்று. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தாளும் பற்றாமல், பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்று அங்கே இடத்துக்கே பெயர். புதிய ஏற்பாடு 1715-இல் முழுசாக அச்சாகி வந்தது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அது அச்சானதில்லை. நான்கு வருஷத்தில், 36 வயதில் இறந்துபோனார்.

தோழி கல்லறைப் பக்கம் திரும்பி, "முப்பத்தாறா?" என்றாள். அப்புறம், "கேள்வியில 'முதல் புதிய ஏற்பாடு'ன்னு கேட்டிருந்தா நான் பாஸ்" என்றாள். பகை அதோடு தீர்ந்தது என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் அவள் கட்டிவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். கல்யாணச் சாப்பாடு இன்னும் வயிற்றில் இருந்ததால் முக்கால்வாசி அந்த ஆட்டுக்குத்தான் போனது.

கேள்வி: எங்கோ இருக்கிற டென்மார்க்குக்காரர்கள் எப்படி இந்தச் சின்ன ஊரைக் கண்டுபிடித்தார்கள்? (வாசகர், காட்பாடி)

அவர்களும் வழி தவறித்தான் வந்தார்கள். கப்பல்களை நடத்தி வந்த ஓவே கெட்டேக்கு அப்போது 25 வயது. அவர் முதலில் குறிவைத்தது இலங்கையை; அங்கே பேச்சு பலிக்கவில்லை. முன்னாலேயே வந்த இன்னொரு கப்பலைப் போர்த்துகீசியர் காரைக்கால் பக்கம் தாக்க, அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்ற வணிகர் தஞ்சை நாயக்கர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் மூலம் ரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. நாயக்கர் தங்க ஏட்டில் எழுதிக் கொடுத்தது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எல்லாம் மிளகுக்காக. 225 வருஷம் வைத்திருந்துவிட்டு, வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கப்பல் உடைந்து வந்தவர்களுக்கு ஓர் ஊரே கிடைத்தது, ஊர் மாறி இறங்கிய எங்களுக்குக் கேசரி கிடைத்தது.

கேள்வி: நானும் என் தோழியும் தரங்கம்பாடி போகலாம் என்று இருக்கிறோம். ஏதாவது யோசனை? (வாசகி, திருவாரூர்)

ரயில் தேடாதீர்கள். திருக்கடையூரில் இறங்குவதானால் மொய்க்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலுக்கு முன்னால் போய்ச் சேருங்கள், கடற்கரையில் நிழல் கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கோட்டைக்குள் போகாமல் விட்டது எங்களுக்கும் உறுத்தல்தான். "மறுபடியும் போகலாம், இந்தத் தடவை தேதியை நான் பார்க்கிறேன்" என்று தோழி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். நேற்று செய்தி அனுப்பியிருந்தாள்: "எந்தத் தேதி உனக்குத் தோது? அ) 4 ஆ) 11 இ) 18 ஈ) 25."

காலண்டரைப் பார்த்தேன். நான்கும் வெள்ளிக்கிழமை.