வாசகர் கேள்வி – பதில்: மேடையேறும் ஆப்பிரிக்க ஆடைகளும் அணிகலன்களும்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் பல நாட்டு உடைகளின் அணிவகுப்பு நடக்க இருக்கிறது. எங்கள் குழுவுக்கு ஆப்பிரிக்கா வந்திருக்கிறது. முகத்தில் கருப்பு மை பூசி, இடுப்பில் இலைகளைக் கோத்துக் கட்டிக்கொண்டால் போதும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது சரியே. மை பூசும் எண்ணத்தை முதலில் கைவிடச் சொல்லுங்கள். ஒருவருடைய தோலின் நிறம் நமக்கு வேடம் ஆகாது. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைச் சொல்லித் தட்டிக்கழிப்பதை நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம். அந்த வலியை அறிந்த நாமே இன்னொரு மக்களின் நிறத்தை மேடையில் வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது.

அடுத்து, ஆப்பிரிக்க உடை என்று பொதுவாக ஒன்று கிடையாது. அந்தக் கண்டத்தில் 54 நாடுகள் இருக்கின்றன. ஒரே நாட்டுக்குள்ளும் மக்களுக்கு மக்கள் உடுத்தும் முறை வேறுபடுகிறது. நம் கண்டாங்கிச் சேலையையும் ஜப்பானியரின் கிமோனோவையும் ‘ஆசிய உடை’ என்று ஒரே பெயரில் யாராவது அறிவித்தால் நமக்கு எப்படி இருக்கும்? ஆகவே, ஒரு மக்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் உடையை முறையாகக் கற்றுக்கொண்டு மேடையேறுங்கள்.

கானா நாட்டின் அசாந்தே மக்கள் நெய்யும் கென்டேயை எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணத்துப் பட்டைப் போல அகலமாக நெய்யப்படுவதன்று அது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட பட்டைகளாகக் குறுகிய தறியில் நெய்து, அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்துப் பெரிய துணியாக்குகிறார்கள். ஒவ்வொரு நெசவு வடிவத்துக்கும் தனிப் பெயர் உண்டு. ஆண்கள் அந்தப் பெரிய துணியை உடலைச் சுற்றி இடது தோளில் போட்டு, வலது தோளைத் திறந்து விடுவார்கள். நைஜீரியாவின் யொரூபா பெண்களின் உடை வேண்டுமென்றால், ‘பூபா’ என்னும் தளர்வான மேற்சட்டை, ‘இரோ’ என்னும் சுற்றுத்துணி, ‘கெலே’ என்னும் தலைக்கட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது நிறைவு பெறும். விறைப்பான துணியை மடிப்பின் மேல் மடிப்பாக நிறுத்திக் கட்ட வேண்டியிருப்பதால், கெலே கட்டப் பழகுவதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். அறிவிப்பாளரின் கையில் இந்தப் பெயர்களை எழுதிக் கொடுக்கவும் மறக்க வேண்டாம். பெயரைச் சொல்லாமல் உடையை மட்டும் காட்டினால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

கேள்வி: ஆப்பிரிக்கப் பெண்கள் உலகப் புகழ்பெற்ற மாடல்களாக உயர்ந்தபோது, தம் மரபையும் உடன் எடுத்துச் சென்றார்களா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை

பதில்: ஐயா, தொடக்கத்தில் அவர்களுடைய சொந்தக் கதையைச் சொல்லவே உலகம் அவர்களை விடவில்லை. 1955-ல் சோமாலியாவின் மொகதிசுவில் பிறந்த இமான், ஒரு தூதரக அதிகாரியின் மகள். நைரோபியில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பீட்டர் பியர்ட் என்ற புகைப்படக் கலைஞரின் கண்ணில் பட்டவர். 1975-ல் அவர் நியூயார்க் சென்று சேர்ந்தபோது, காட்டுவெளியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததாகச் செய்தி பரப்பினார்கள். படித்த, பல மொழி பேசுகிற ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் படத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று மாற்றி எழுதினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. பின்னாளில் இமான் கருநிறப் பெண்களுக்குப் பொருந்தும் ஒப்பனைப் பொருள்களைத் தயாரிக்கும் நிறுவனத்தைத் தாமே தொடங்கினார்.

இன்றைய தென் சூடானில் பிறந்த டிங்கா இனப் பெண் அலெக் வெக், போரிலிருந்து தப்பி லண்டன் சேர்ந்தவர். கருத்த நிறத்தோடும் ஒட்ட வெட்டிய முடியோடும் 1997-ல் அமெரிக்க ‘எல்’ இதழின் அட்டையில் அவர் தோன்றியது, வெளுத்த தோலே அழகு என்ற எண்ணத்தை அசைத்துப் பார்த்தது.

மரபு உடையை மேடைக்குக் கொண்டுவந்ததில் ஆப்பிரிக்க வடிவமைப்பாளர்களின் பங்கு பெரிது. மாலி நாட்டின் கிறிஸ் செய்டூ, தம் ஊர்ப் ‘போகோலான்’ என்னும் சேற்றுச் சாயத் துணியில் மேற்கத்திய பாணி மேலங்கிகளையும் குட்டைப் பாவாடைகளையும் தைத்தார். இலைச் சாற்றில் ஊறவைத்த பருத்தித் துணியின் மீது, பல நாள் புளிக்க வைத்த, இரும்புச் சத்து மிகுந்த சேற்றால் கோலமிட்டால், இலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து அழியாத கருமையாகப் பிடித்துக்கொள்ளும். நம் கலம்காரியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கருப்பாவதும் இதே வழியில்தான். வேட்டைக்காரர்களும், சடங்குகளைக் கடந்த பெண்களும் அணியும் துணி என்பதால், அதைக் கத்தரிக்கோலால் வெட்டவே செய்டூ தயங்கினார். அந்தத் தயக்கத்துக்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு அதிகம். நைஜர் நாட்டின் அல்பாடி, 1998-ல் பாரிசையோ நியூயார்க்கையோ நாடாமல், தம் நாட்டின் பாலைநிலத்திலேயே ஆப்பிரிக்க ஆடை விழாவை நடத்தி, மாடல்களை அங்கே நடக்க வைத்தார்.

கேள்வி: மணி நகைகள் செய்து விற்கிறேன். ஆப்பிரிக்க மணி நகைகளின் முறை என்ன? நாங்களும் செய்யலாமா?
– நகைத் தொழில் செய்யும் பெண், ஓசூர்

பதில்: அம்மா, தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம், விற்கும்போது அது எந்த மக்களின் வேலைப்பாடு என்பதையும் எழுதி வையுங்கள். கென்யா, தான்சானியா நாடுகளின் மசாய் பெண்கள் செய்யும் தட்டையான வட்டக் கழுத்தணியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முற்காலத்தில் விதை, எலும்பு, கிளிஞ்சல் போன்றவற்றைக் கோத்தவர்கள், ஐரோப்பியக் கண்ணாடி மணிகள் வந்த பிறகு இன்றைய பல வண்ண வடிவத்துக்கு வந்தார்கள். சிவப்பு வீரத்தையும், வெள்ளை பாலையும், நீலம் வானத்தையும், பச்சை மேய்ச்சல் நிலத்தையும் குறிக்கும். மாடுகளை நம்பி வாழும் மக்களின் உலகம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. ஆட்டத்தில் தோள்களைக் குலுக்கும்போது கழுத்தணியும் உடன் எழுந்து தாழும். ஆகவே அதை உடலோடு இறுக்கித் தைத்துவிடாதீர்கள்.

உங்கள் பட்டறைக்கு இன்னும் ஏற்றது கானாவின் குரோபோ மக்களின் முறை என்பேன். உடைந்த கண்ணாடிப் புட்டிகளை மாவாக இடித்து, களிமண் அச்சின் குழிகளில் நிரப்பி, நடுவே மரவள்ளி இலைக்காம்பைச் செருகிச் சூளையில் வைக்கிறார்கள். காம்பு எரிந்துபோன இடம் நூல் கோக்கும் துளையாகிவிடுகிறது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்குத் தோட்டங்களில் வீணாய்க் கிடக்கும் காம்பு அங்கே ஒரு நகையைப் பிறப்பிக்கிறது. பூப்பெய்தும் பருவத்துப் பெண்களுக்கு நடத்தும் ‘டிப்போ’ சடங்கில் இந்த மணிகளைக் கழுத்திலும் இடுப்பிலும் சரம் சரமாக அணிவிப்பார்கள்.

கேள்வி: நம் பக்கத்துக்கும் ஆப்பிரிக்க உடைகளுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?
– வாசகர், சித்தேரி

பதில்: நெருங்கிய தொடர்பே உண்டு. சென்னைத் துறைமுகத்தின் வழியாகப் போன கட்டம் போட்ட கைத்தறித் துணிகள் நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவில் விலைபோயின. நைஜீரியாவின் கடலோரக் கலபாரி மக்கள் அத்துணியை ‘இஞ்சிரி’ என்பார்கள். குழந்தை பிறப்பிலும் இறுதிச் சடங்கிலும் அதற்கு இடம் உண்டு. அதோடு நின்றுவிடாமல், கலபாரிப் பெண்கள் நெய்த துணியிலிருந்து சில இழைகளை மட்டும் நறுக்கி உருவி எடுத்து, அதிலேயே புதிய வடிவத்தை உண்டாக்கினார்கள். நம் நெசவாளர் முடித்துக் கொடுத்த துணியில் அவர்கள் தங்கள் கையெழுத்தைப் போட்டார்கள் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. இக்போ மக்கள் திருமணங்களில் உடுத்தும் ‘ஜார்ஜ்’ துணியின் பெயரும் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையை நினைவூட்டுவது.

சோழிக்கும் இதுபோல ஒரு வரலாறு உண்டு; அது துயரமானது. மாலத்தீவுச் சோழிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் பணமாகவே புழங்கின. ஐரோப்பியக் கப்பல்காரர்கள் அவற்றைக் கொட்டி மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். உங்களுக்கு அருகில் சித்திலிங்கியில் பூத்தையல் வேலை செய்யும் லம்பாடிப் பெண்களின் பழைய உடைகளிலும் சோழியும் கண்ணாடியும் நாணயமும் உண்டு. அங்கே போனால் முதிய பெண்களிடம் அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கழுத்தில் வளையம் வளையமாகப் பித்தளை அணியும் பெண்கள் ஆப்பிரிக்கர்கள்தானா? கழுத்து உண்மையில் நீளுமா?
– பள்ளி மாணவன், காவேரிப்பட்டினம்

பதில்: இரண்டு மக்களைக் குழப்பிக்கொள்கிறோம் தம்பி. தென்னாப்பிரிக்காவின் என்டெபெலே பெண்கள் திருமணத்துக்குப் பின் கழுத்திலும் கை கால்களிலும் வளையங்கள் அணிவது வழக்கமாக இருந்தது; கணவன் அளிக்கும் அணிகலன் அது. படங்களில் மிக நீண்ட கழுத்தோடு காணப்படுபவர்கள் மியான்மரின் கயான் பெண்கள். அவர்களுக்கும் கழுத்தெலும்பு நீள்வதில்லை. வளையங்களின் சுமையால் தோள்பட்டை எலும்புகள் கீழே இறங்குவதால்தான் அப்படித் தோன்றுகிறது.