விண்டோஸ் தரவு அனுப்புவதை முழுமையாக நிறுத்த முடியுமா?

அமைப்புகளில் உள்ள தனியுரிமைத் தேர்வுகளையெல்லாம் அணைத்துவிட்டால், விண்டோஸ் எதையும் மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பாது என்று கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கொள்ள முடியாது. விண்டோஸ் 11-இன் ஹோம், புரோ பதிப்புகளில் அனுப்புவது பயனரின் விருப்பத்துக்கு விடப்பட்ட தரவை மட்டுமே நிறுத்தலாம்; வன்பொருள் விவரம், புதுப்பிப்புகள் சரியாக நிறுவப்பட்டனவா என்பன போன்ற கட்டாயத் தரவு தொடர்ந்து செல்லும். அதையும் நிறுத்தும் வசதி என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு உண்டு. தனிமனிதருக்கு மறுக்கப்படுவது நிறுவனங்களுக்குக் கிடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தக் கவலை வெறும் ஐயமன்று. பயனர் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்பதுவரை விண்டோஸ் 10 தேவைக்கு மிஞ்சித் திரட்டுகிறது என்றும், விளம்பரங்களுக்காகப் பயனரை அடையாளங்காட்டும் விளம்பர அடையாள எண்ணை ஒப்புதல் பெறாமலேயே இயக்கிவைக்கிறது என்றும் கூறி, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் 2016-இல் மைக்ரோசாஃப்டுக்கு அறிவிக்கை அனுப்பியது. தரவு அனுப்பும் அமைப்பில் ‘அடிப்படை’ என்ற நிலையைத் தேர்ந்தவரிடமிருந்து திரட்டப்படும் தரவின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்ட பின்னர், 2017-இல், அந்நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் என்றாலே பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம்: லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 12.10 பதிப்பில், கணினிக்குள் கோப்புகளைத் தேடத் தட்டச்சிட்ட சொற்களே அமேசான் பொருள்களைக் காட்டுவதற்காகக் உபுண்டுவை உருவாக்கும் கேனோனிக்கல் நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்றன, 16.04 பதிப்பில்தான் அது இயல்பாக அணைக்கப்பட்டது.