இடுப்பு ஒடுங்கிய ஒரு சாண்

கேள்வி: நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை, வயது 43. வீட்டில் மரச்சட்டத்தில் பாவு (நீளவாக்கு நூல்) கட்டி, டேபஸ்ட்ரி, அதாவது நூலாலேயே படம், நெய்து பழகுகிறேன். மூன்று மாதத்தில் ஒரு சாண்தான் வந்திருக்கிறது. அதுவும் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி நிற்கிறது. "பவர்லூம்ல ஒரு நிமிஷ வேலை" என்கிறார் கணவர். முறையாகப் படிக்காமல் இந்த வயதில் இறங்கியது தப்பா?
- வாசகி, ஈரோடு

பதில்: ஈரோட்டில் இருந்துகொண்டு உங்கள் வீட்டுக்காரர் பவர்லூமை இழுக்காவிட்டால்தான் ஆச்சரியம்!

முதலில் அந்த இடுப்பு. குறுக்கே ஓடும் ஊடு நூலை நேராக இழுத்துவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. டேபஸ்ட்ரியில் பாவு வெளியே தெரியக் கூடாது. ஒவ்வொரு இழையையும் ஊடு ஏறி இறங்கி மூட வேண்டும். அதற்கு நூல் தாராளமாக வேண்டும். வரிக்கு வரி நூலை வில்லாக வளைத்து வையுங்கள், பிறகு சீப்பால் தட்டி இறக்குங்கள். பாவு தந்தி மாதிரி விறைப்பாக இருக்கட்டும். நெய்ததைப் பிரிக்காதீர்கள், அந்தச் சாண் அப்படியே இருக்கட்டும்.

பவர்லூமில் ஊடு கரைக்குக் கரை ஓடும். உங்களுடையதில் சிவப்பு நூல் சிவப்பின் இடத்திலேயே போய்த் திரும்பும், பச்சை பச்சையின் இடத்தில். அதற்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

படிப்பு பற்றிக் கேட்டீர்கள். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வாழ்ந்த ஹன்னா ரிக்கென் (1894–1970) உங்களைப் போலவே ஓவியம் கற்ற பள்ளி ஆசிரியை. நெசவைப் பெரும்பாலும் தானாகவே பழகிக்கொண்டார். கடலோரப் பண்ணையில் ஆடு வளர்த்து, கம்பளி நூற்று, செடி கொடிகளில் சாயம் காய்ச்சினார். நீலத்துக்கு அவுரியைப் புளித்த மூத்திரத்தில் ஊற வைப்பார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமும் அதற்கு 'நன்கொடை' கேட்பாராம்! மாதிரிப்படம் எதுவும் வரைந்துகொள்ளாமல் நேராகத் தறியிலேயே படம் நெய்தார். எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்ததைக் கண்டு கொதித்து, முசோலினியின் தலை ஈட்டியில் குத்தப்பட்டிருப்பதாக 1935-இல் நெய்தார். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அந்தப் பகுதியை மறைத்துத்தான் தொங்கவிட்டார்கள். நூல் வேலைக்கு அவ்வளவு பயந்திருக்கிறார்கள்!

பள்ளி வேலையை விட்டுவிடாதீர்கள். கம்பளியும் சாயமும் சம்பளத்தைத் தின்னும். தினமும் ஒரு மணி நேரம் போதும். பெரிய தறி இப்போது வேண்டாம்.

இன்னொன்று. ஹன்னாவின் தறியைச் செய்து கொடுத்தவர் அவர் கணவர் ஹான்ஸ். உங்கள் அடுத்த சட்டத்தை வீட்டுக்காரரையே அடித்துத் தரச் சொல்லுங்களேன்.