இரவுக் கப்பலில் குடும்பத்தோடு ஒரு குட்டி நகரப் பயணம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சாயங்காலம் ஏறிப் படுத்துக் காலையில் இன்னொரு நகரத்தில் இறங்குகிற கப்பல் பயணம் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பயன்படுபவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், பிள்ளைகள் தூங்கி எழுந்து தெம்பாக இருக்கும் எத்தனை மணி நேரம் அந்த நகரத்தில் கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். மலிவான டிக்கெட் என்று வாங்கி, துறைமுகத்துக்கும் ஊருக்கும் நடுவே பேருந்திலேயே பாதி நாளைத் தொலைத்த குடும்பங்கள் எழுதும் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன.

பிள்ளைகளுக்கு வயது 5, 8. இதுதான் முதல் தடவை. எந்த வழித்தடத்தில் போகலாம்?

யோசிக்காமல் சொல்வேன், ஸ்டாக்ஹோம் (ஸ்வீடன்) – ஹெல்சிங்கி (பின்லாந்து). மாலை 5 மணியை ஒட்டிப் புறப்படும், மறுநாள் காலை 10 மணி வாக்கில் சேர்ந்துவிடும். ஸ்டாக்ஹோமை விட்டுக் கிளம்பியதும் முதல் சில மணி நேரம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தீவுகளுக்கு நடுவேதான் கப்பல் போகும். கோடையில் இரவு வெகுநேரம் வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகள் மேல்தளத்தை விட்டு வரவே மாட்டார்கள். அலையும் அங்கே குறைவு. எல்லாவற்றையும் விட முக்கியம், ஹெல்சிங்கியில் கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறது, இறங்கி நடந்தால் துறைமுகச் சந்தைச் சதுக்கம். அங்கிருந்து சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குப் படகில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, சாதாரண நகரப் போக்குவரத்து டிக்கெட்டே போதும். மழை பிடித்துக்கொண்டால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஊடி நூலகம் இருக்கிறது, 2018-இல் திறந்தது, இலவசம், மேல் மாடியில் பிள்ளைகளுக்கென்றே பெரிய இடம். எதிர்த்திசையில் ஸ்டாக்ஹோமுக்குப் போகிறவர்கள் வாசா அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 1628-இல் முதல் பயணத்திலேயே கவிழ்ந்து, 1961-இல் கடலிலிருந்து தூக்கி எடுத்த கப்பலை முழுசாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 18 வயது வரை கட்டணம் இல்லை. முதல் நாள் இரவைக் கப்பலில் கழித்த பிள்ளைக்கு அதைக் காட்டினால் கேள்விகள் ஓயாது.

பிரிட்டனிலிருந்து புறப்படுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் நியூகாசில் – ஆம்ஸ்டர்டாம் பற்றித்தான். நல்ல பயணம், ஆனால் கப்பல் ஆம்ஸ்டர்டாமுக்கே போவதில்லை, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஐமுய்டனில் நிற்கும், அங்கிருந்து பேருந்து. ஹல்லிலிருந்து போகும் கப்பலும் அப்படித்தான், அது ராட்டர்டாம் ஊருக்கு வெகு தொலைவில் யூரோபோர்ட்டில் இறக்கிவிடும். இந்த மூன்றில் பிள்ளைகளோடு கார் இல்லாமல் போவதற்கு எனக்குப் பிடித்தது ஹாரிச் (இங்கிலாந்து) – ஹூக் ஆஃப் ஹாலந்து (நெதர்லாந்து). இரண்டு பக்கமும் முனையத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது, 2019-இலிருந்து ஹூக்கிலிருந்து ராட்டர்டாமுக்கு மெட்ரோவே ஓடுகிறது. இரவு 11 மணிக்குப் புறப்படும் கப்பல் என்றாலும் முன்கூட்டியே ஏற்றிவிடுவார்கள், சின்னவர்களைக் கப்பல் நகர்வதற்கு முன்பே படுக்க வைத்துவிடலாம்.

ஓஸ்லோ (நார்வே) – கீல் (ஜெர்மனி) கப்பல் பிரமாதமாக இருக்கும், நிலத்துக்குள் நீண்டு வரும் கடல்வழியான ஓஸ்லோ ஃபியோர்டும் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் மதியம் 2 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 10 மணிக்குச் சேர்ந்து, அதே கப்பலில் திரும்புவதானால் கீலில் நான்கே மணி நேரம்தான். அது கப்பலுக்காகவே போகிற பயணம். நகரம் பார்க்க வேண்டுமென்றால் வேறு வழித்தடத்தைப் பாருங்கள். கிரேக்கத்தின் பிரேயஸ் – ஹெராக்லியோன் போன்ற சில வழித்தடங்களில் இன்னொரு சிக்கல், காலை 6 மணிக்கே இறக்கிவிடுவார்கள். ஹோட்டல் அறை மதியம்தான் கிடைக்கும், அரைத்தூக்கத்தில் சிணுங்கும் பிள்ளையோடு எங்கே உட்காருவீர்கள்? அப்படி வந்தால் பெட்டியை முதலில் ஹோட்டலில் போட்டுவிட்டு, காலை உணவுக்கு எந்த இடம் அந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன கப்பலிலேயே அன்றைக்கே திரும்புவதா, ஊரில் ஓர் இரவு தங்குவதா?

பிள்ளைகள் பள்ளி வயதை எட்டவில்லை என்றால் அதே கப்பலில் திரும்புங்கள். ஹெல்சிங்கி போன்ற வழித்தடங்களில் அதே கேபினே இரண்டு இரவும் உங்களுக்கு, பெட்டியைத் திறந்து போட்டபடியே விட்டுவிட்டு ஒரு சின்னப் பையோடு இறங்கலாம். (எல்லா நிறுவனங்களிலும் இப்படி விடுவதில்லை, பதிவு செய்யும்போதே கேளுங்கள்.) ஊரில் ஆறு ஏழு மணி நேரம் கிடைக்கும், அந்த வயதுக்கு அதுவே தாராளம். ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் ஒரு பூங்கா, சாப்பாடு, அவ்வளவுதான்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால் ஓர் இரவு தங்கிவிடுங்கள் என்பது என் கருத்து. குறிப்பாக ஆம்ஸ்டர்டாமுக்கு. அன்றைக்கே திரும்பினால் பேருந்து, வரிசை எல்லாம் போக ஊரில் ஐந்து மணி நேரம் நின்றாலே பெரிது. அவர்களுக்கு நீமோ அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றுக்கே பாதி நாள் வேண்டும். தங்கினால், மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்து அக்கரைக்குப் போகும் இலவசப் படகில் சாயங்காலம் சும்மா போய்விட்டு வரலாம். பிள்ளைகள் அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

நாங்கள் ஐந்து பேர். கேபின் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஜன்னல் அவசியமா?

பெரும்பாலான கேபின்களில் நான்கு படுக்கைதான்: கீழே இரண்டு, சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற மேல் படுக்கை இரண்டு. ஐந்து பேர் என்றால் குடும்ப கேபின் இருக்கிறதா என்று பாருங்கள். அவை எண்ணிக்கையில் குறைவு, விடுமுறைக் காலத்தில் சீக்கிரமே போய்விடும். கிடைக்காவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேபின், ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மேல் படுக்கையில் ஏற்றாதீர்கள், எவ்வளவு அழுதாலும் சரி.

ஜன்னல் பற்றி: தூங்குவதற்கு உள்பக்க கேபினே மேல். கோடையில் வட கடல்களில் அதிகாலை 4 மணிக்கெல்லாம் விடிந்துவிடும், ஜன்னல் வழியே வெளிச்சம் வந்தால் பிள்ளைகளும் எழுந்துவிடுவார்கள். மிச்சமாகும் பணத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்பக்க கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை என்றால் குளியலறை விளக்கைப் போட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

ஜன்னலை விட நான் கவனிக்கச் சொல்வது கேபின் இருக்கும் இடம். நிறுவனத்தின் தளத்தில் தளவரைபடம் இருக்கும், அதில் உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற இடமாகப் பாருங்கள். டான்ஸ் ஹாலுக்குக் கீழே, லிஃப்டுக்கு எதிரே வேண்டாம். முன்நுனியில் கீழ்த்தளமும் வேண்டாம், காலையில் கப்பலைக் கரையோடு அணைக்க முன்பக்க உந்திகளை ஓட்டும்போது அந்தப் பகுதியே அதிரும்.

கிழமையும் முக்கியம். ஸ்டாக்ஹோம் – ஹெல்சிங்கி கப்பல்கள் நடுவே ஆலாந்து தீவுகளில் சில நிமிடம் நின்று போகும். ஆலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரிப் பகுதிக்கு வெளியே இருப்பதால், அங்கே நிற்கும் கப்பலில் வரியில்லாமல் விற்கலாம். மது மலிவு, அதனால் வெள்ளி, சனி இரவுகளில் கூட்டமும் கூச்சலும் அதிகம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஞாயிறு முதல் புதன் வரை அமைதியான இரவுகள்.

மகளுக்குக் காரிலேயே வாந்தி வரும். கப்பலில் எப்படிச் சமாளிப்பது?

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தயாராகப் போங்கள். இரண்டு வயதுக்குக் கீழே இந்தத் தொந்தரவு அபூர்வம், பள்ளி வயதில்தான் மிக அதிகம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் மிகக் குறைவு, கேபினை அங்கே எடுங்கள். ஏறுவதற்கு முன் வயிறு முட்டவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். குமட்டல் தொடங்கினால் மேல்தளத்துக்குக் கூட்டிப்போய் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டிவிட்டால் கண்ணை மூடிப் படுக்க வைப்பதே நல்ல வைத்தியம், இரவுக் கப்பலின் பெரிய வசதியே இதுதான். செல்போனும் புத்தகமும் வேண்டவே வேண்டாம்.

மாத்திரை கொடுப்பதானால் புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பெரிய பலன் இல்லை. எது, எவ்வளவு என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் வரவைக்கும் இந்த மாத்திரைகள் சில பிள்ளைகளிடம் நேர்மாறாக வேலை செய்து இரவெல்லாம் ஆட்டம் போட வைக்கும், அதனால் வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்க்கலாமா என்றும் மருத்துவரிடமே கேட்டு வையுங்கள்.

வட கடலை அக்டோபர் முதல் மார்ச் வரை தவிர்த்துவிடுங்கள். நியூகாசில், ஹல் கப்பல்களுக்கு வழியில் ஒதுங்கத் தீவு எதுவும் இல்லை, திறந்த கடல்.

என் மனைவிக்குக் கப்பல் என்றாலே பயம். எஸ்டோனியா விபத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து வரமாட்டேன் என்கிறார்.

அவர் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அது உண்மையான, கொடுமையான விபத்து. 1994 செப்டம்பர் 28 அதிகாலை, டாலினிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குப் போன எஸ்டோனியா என்ற கப்பலின் முன்கதவு மூடி புயலில் பிய்ந்துபோய், வாகனத் தளத்துக்குள் தண்ணீர் புகுந்து, 852 பேர் இறந்தார்கள். ஆனால் அதோடு அந்தக் கதை நின்றுவிடவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். வாகனத் தளத்தில் தண்ணீர் ஏறினாலும் கப்பல் கவிழாமல் நிற்க வேண்டும் என்று 1996-இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் வந்தது, முன்கதவு விதிகளும் இறுகின. பயணிகள் ஒவ்வொருவருடைய விவரத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று 1998-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. டிக்கெட் எடுக்கும்போது கைக்குழந்தையின் பெயர்கூடக் கேட்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். கட்டணம் இல்லை என்பதற்காகக் குழந்தையைப் பதிவில் விட்டுவிடாதீர்கள், ஏற்ற மாட்டார்கள்.

ஏறியதும் எல்லாருமாகக் கேபினிலிருந்து, ஆபத்து நேரத்தில் பயணிகள் கூடுமிடம் வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். கதவுக்குப் பின்னால் வழி ஒட்டியிருக்கும். குழந்தைகளுக்கான உயிர்காப்பு அங்கி எங்கே என்று ஊழியரிடம் கேளுங்கள். தெரியாததால் வரும் பயம் அதில் பாதி குறையும்.

லண்டனில் இருக்கிறோம், இந்தியப் பாஸ்போர்ட். என்னென்ன வேண்டும்?

நெதர்லாந்துக்கு ஷெங்கன் விசா (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும், அரை நாள் பயணமானாலும், பிள்ளைகளுக்கும் தனித்தனியாக. பிரிட்டனில் தங்கும் உரிமை இருப்பது அதற்கு மாற்று ஆகாது. விசா சந்திப்பு நாள் கிடைத்த பிறகு கப்பலைப் பதிவு செய்யுங்கள், அல்லது மாற்ற முடிகிற டிக்கெட்டாக வாங்குங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய ஐரோப்பிய எல்லைப் பதிவு முறையில் முதல் தடவை போகும்போது முகப்படம் எடுப்பார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகை ஏற்கெனவே இருப்பதால் அதை மறுபடி பதிவு செய்வதில்லை. அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள், அது உங்கள் நகர நேரத்திலிருந்துதான் போகும். ஸ்டாக்ஹோம் – ஹெல்சிங்கிக்கு இரண்டு பக்கமும் ஷெங்கன்தான், ஒரே விசா போதும், ஆனால் ஏறுவதற்குப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

கப்பலில் ஏறிய பிறகு எடுத்து வராமல் வருந்தும் பொருள் எது?

காரில் விட்டுவந்த எல்லாம். கப்பல் கிளம்பியதும் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், கரை சேரும்வரை இறங்க முடியாது. இரவு உடை, மருந்து, பால்பொடி, பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை எல்லாம் ஒரு தனிப் பையில் இருக்க வேண்டும், அதைக் காரை நிறுத்தியதும் கையோடு எடுங்கள். மின்கெட்டிலோ அடுப்போ கேபினுக்குள் வேண்டாம், தீ அபாயம். பால் சூடாக்க உணவகத்தில் கேட்டால் செய்து தருவார்கள்.

இன்னொன்று, செல்போன். கடல் நடுவே அது கப்பலின் செயற்கைக்கோள் வலைப்பின்னலில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவின் கட்டணமில்லா ரோமிங் விதி அதற்குப் பொருந்தாது, பில் எகிறிவிடும். கரை மறைவதற்கு முன்பே எல்லார் போனையும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், பிள்ளைகளின் டேப்லெட்டையும் சேர்த்து.

புயல் என்று கப்பலை ரத்து செய்துவிட்டால்?

ஐரோப்பியத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் ரத்தானாலோ, 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, வேறு வழியில் கொண்டு சேர்ப்பது அல்லது பணத்தைத் திருப்புவது, இரண்டில் எது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுப்பீர்கள். காத்திருக்கும்போது முடிந்தவரை சாப்பாடும் தர வேண்டும். 8 முதல் 24 மணி நேரப் பயணம் 3 மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் டிக்கெட்டில் 25 சதவீதம், 6 மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதம் இழப்பீடு. ஆனால் நீங்கள் கேட்ட புயல் விஷயத்தில், கப்பலைப் பாதுகாப்பாக ஓட்ட முடியாத வானிலை என்று நிறுவனம் நிரூபித்தால் இழப்பீடும் ஹோட்டல் செலவும் கிடையாது. ஹோட்டலைக் கடைசி நாள் வரை ரத்து செய்ய முடிகிற விதமாகப் போட்டு வையுங்கள்.

அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். கூட்டிப் போகலாமா?

தாராளமாக. விமானத்தை விடக் கப்பல் அவருக்கு வசதி, இருக்கையில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. பெரிய கப்பல்களில் அகலமான கதவும் படியில்லாத குளியலறையும் கொண்ட கேபின்கள் உண்டு. ஆனால் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான், அதனால் அந்த கேபினை உறுதி செய்த பிறகு மற்றவர்களுக்கு டிக்கெட் எடுங்கள். உதவி வேண்டும் என்பதைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால் நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். காரில் போனால் செக்-இன்னில் மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள், லிஃப்டுக்குப் பக்கத்தில், நாற்காலியை இறக்க இடம் விட்டு நிறுத்தச் சொல்வார்கள்.