மூட்டுவலி உள்ள அம்மாவுடன் திராட்சைச் சரிவில் நடக்கலாமா?

கேள்வி: செப்டம்பரில் அம்மாவுடன் இத்தாலியின் கடலோரத்தில் ஐந்து ஊர்கள் சேர்ந்த சிங்க்வே தெர்ரேவுக்குப் போகிறேன். கொர்னிலியாவிலிருந்து வொலாஸ்த்ரா வழியாக மனரோலாவுக்கு நடக்க ஆசை. அம்மாவுக்கு 62 வயது. தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர். ஆனால் படி இறங்கினால் முழங்கால் வலிக்கும். இந்த நடை முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நீங்கள் சொன்ன வழியில் வேண்டாம்.

பலரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். முழங்காலைப் படுத்துவது இறக்கம். வொலாஸ்த்ரா கடலுக்கு மேலே 300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மனரோலாவுக்கு இறங்கும் வழி முழுக்கக் கல் படிகள். படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது. கொர்னிலியா பக்கம் காட்டுக்குள் இறங்கும் பாதையிலும் வேரும் கல்லுமாகச் சரிவு கடுமை. இரண்டுக்கும் நடுவில் திராட்சைத் தோட்டங்கள் ஊடாகப் போகும் பகுதிதான் ஏறக்குறைய சமதளம். இந்த நடையின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே மனரோலாவிலிருந்து வொலாஸ்த்ராவுக்குப் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். அங்கே மணற்கல்லில் கட்டிய பழைய தேவாலயத்தின் முன் சற்று உட்கார்ந்துவிட்டு, கொர்னிலியா திசையில் நடங்கள். காடு தொடங்கிப் பாதை கீழே சரியும் இடத்தில் அம்மாவின் முழங்காலைக் கேளுங்கள். கொஞ்சம் தயங்கினாலும் திரும்பிவிடுங்கள். வந்த வழியே வொலாஸ்த்ரா, பிறகு பஸ். பாதியில் திரும்புகிறோமே என்ற குறை வேண்டாம். அதே தோட்டத்தை எதிர்த்திசையில் பார்க்கும்போது கடலின் மேல் மனரோலா தெரியும்.

சரிவை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கின் மண்ணையும் கல் சுவரால் தாங்கிய தோட்டங்கள் இவை. அவசரப்படாமல் அந்தச் சுவர்களைப் பாருங்கள். சாந்து கிடையாது, கல்லைக் கல்லோடு பொருத்தி, இடுக்குகளில் சில்லுக்கல் செருகி அடுக்கியவை. மழைநீர் இடுக்கு வழியே வடிவதால்தான் சுவர் மண்ணைத் தாங்கி நிற்கிறது. பராமரிப்பு இல்லாமல் விட்ட அடுக்குகளில் சுவர் வயிறு தள்ளிப் பிறகு சரியும். அதோடு பாதையும் போகும். அதனால் சுவர்மேல் உட்காராதீர்கள், ஏறாதீர்கள். எதிரே ஆள் வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மேட்டுப் பக்கம் ஒதுங்குங்கள். செப்டம்பர் அறுவடைக் காலம். கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒற்றைத் தண்டவாளத்தில் சிறு வண்டி சரிவில் ஊர்வதைக் காணும் வாய்ப்பும் உண்டு.

பிடிப்புள்ள ஷூ கட்டாயம். செருப்புடன் பாதையில் இறங்கினால் அபராதம் விதிப்பார்கள். அம்மாவுக்கு ஊன்றுகோல் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் பாதைகளை மூடிவிடுவார்கள், வாதாட வேண்டாம். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில், அந்த ஐந்து ஊர்களில் ஒன்றான வெர்னாத்சாவின் தெருக்களைச் சேறு மூடியது.

கொர்னிலியா வரை போய்விட்டால், ரயில் நிலையத்துக்கு இறங்கும் 380-க்கு நெருக்கமான படிகள் பக்கம் போகாதீர்கள். ஊரிலிருந்து நிலையத்துக்குப் பஸ் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பஸ்கள் அடிக்கடி வராது. வொலாஸ்த்ராவில் இறங்கியதுமே நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டு நடையைத் தொடங்குங்கள்.